25 ஆண்டு இருமலுக்குக் காரணம் ஒரு விசில்
மூச்சுக்குழாயில் சிக்கும் பொருட்கள்: கேரளம் உணர்த்தும் பாடம்

திருவனந்தபுரம்: கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த பெண் ஒருவரின் மூச்சுக்குழாயில் சிறு விசில் ஒன்று 25 ஆண்டுகள் தங்கியிருந்தது. பரியாரத்திலுள்ள கண்ணூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2021 பிப்ரவரியில் அது அகற்றப்பட்டது. அப்போது அவருக்கு வயது 40. நீங்காத இருமலை ஆஸ்துமா எனக் கருதியே அவர் அதுவரை சிகிச்சை பெற்று வந்தார். ஸ்கேன் பரிசோதனையில் ஐயம் எழுந்த பிறகே, மூச்சுக்குழாய்க்குள் கருவியைச் செலுத்திப் பார்த்த மருத்துவர்கள் உண்மையைக் கண்டறிந்தனர். சிறுவயதில் விளையாடும்போது விசிலை விழுங்கிய நிகழ்வு அதன் பின்னரே அவர் நினைவுக்கு வந்தது.

இது விந்தைச் செய்தியாகப் படித்து மறந்துவிடத் தக்கதன்று. சரியான நேரத்தில் ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால், அவரது துன்பம் பல ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்திருக்கக் கூடும்.

எக்ஸ்ரேயில் தெரியாத எதிரி

இத்தகைய விபத்துக்கு மிகுதியும் ஆளாவோர் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளே. கடைவாய்ப் பற்கள் முழுமையாக முளைக்காத பருவம் அது. இந்தியாவில் குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து அதிகம் எடுக்கப்படும் பொருள் நிலக்கடலை. புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை, பேனா மூடி, பொம்மையின் உதிரி பாகங்கள் ஆகியனவும் உண்டு. வலது மூச்சுக்கிளை அகன்றும் செங்குத்தாகவும் இருப்பதால், பெரியவர்களுக்கு இவை பெரும்பாலும் அப்பக்கமே சென்று சிக்குகின்றன.

உலோகம் எக்ஸ்ரேயில் தெரியும். கடலையும் பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை. முதலில் ஏற்பட்ட கடும் இருமல் அடங்கியதும் ஆபத்து நீங்கியதாகக் குடும்பத்தினர் எண்ணிவிடுகின்றனர். பின்னர் மூச்சிரைப்பும் அடிக்கடி நிமோனியாவும் தோன்றும்போது, புரையேறிய அந்த நாளை எவரும் மருத்துவரிடம் கூறுவதில்லை, மருத்துவரும் வினவுவதில்லை.

செலவில்லாத ஒரு கேள்வி

ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் 1897-ல் மருத்துவர் குஸ்டாவ் கில்லியன், ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயிலிருந்து எலும்புத் துண்டைக் குழல் கருவி மூலம் அகற்றினார். நூற்றாண்டைக் கடந்த இந்தச் சிகிச்சை முறை இன்றும் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் மட்டுமே கிடைக்கிறது. குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்த நிபுணரும் உடனிருக்க வேண்டும். எனவே மலைப்பகுதி ஊர்களிலும் கடலோரச் சிற்றூர்களிலும் வாழும் ஏழைக் குழந்தைக்குத் தொலைவே பெரும் பகையாகிறது.

கேரள அரசு 2017-ல் 'ஆர்த்ரம்' திட்டத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக உயர்த்தி வருகிறது. ஆஸ்துமா உள்ளிட்ட மூச்சுக்குழாய் நோய்களை அங்கேயே கண்டறிய 'சுவாஸ்' என்ற திட்டமும் செயல்படுத்தப்படுகிறது. நீடித்த இருமலுடன் அங்கு வரும் ஒவ்வொருவரிடமும், "எப்போதாவது ஏதேனும் தொண்டையில் சிக்கிப் புரையேறியதுண்டா?" என்று கேட்பதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. இது தமிழகத்துக்கும் பொருந்தும்.

நாடு முழுவதும் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆனால், தட்டில் வைக்கப்படும் கடலைக்கு முத்திரை கிடையாது. அங்கே பெற்றோரின் விழிப்புணர்வே காவல்.

உச்சியில் தட்டுவது உதவாது

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று கூறி உச்சந்தலையில் தட்டுவது நம் வழக்கம். அதனால் பயனில்லை. குழந்தை பலமாக இருமினால் இருமவிட வேண்டும். குரலும் மூச்சும் அடைபட்டால், தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு இடையே முதுகில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். பொருள் வெளிவராவிடில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மார்பின் நடுவிலும், அதற்கு மேற்பட்டோருக்கு மேல்வயிற்றிலும் ஐந்து முறை அழுத்தம் தர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவக் கூடாது; அது இன்னும் ஆழத்துக்குச் சென்றுவிடும். இருமல் நின்றுவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்வதைத் தவிர்க்கக் கூடாது.