வீடு கிடைத்தது, வியாபாரம் போச்சு

சென்னையில் வீட்டு வாடகை என்றதும் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டும் பத்து மாத அட்வான்ஸும்தான் பேச்சில் வரும். கூவம் கரையில் குடிசை போட்டிருந்தவர்களின் கணக்கு வேறு. குடிசை வாசலில் காலை இட்லிக் கடை. கடையை ஏறக்கட்டியதும் பக்கத்துத் தெருவில் நாலு வீட்டு வேலை. எல்லாம் நடை தூரம், பஸ் காசே கிடையாது.

2000 வாக்கில் துரைப்பாக்கம் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம் என்று இவர்களைத் தெற்கே கொண்டுபோய்க் குடிவைத்தது அரசு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்த வேகம் கூடியது. பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்களில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். கான்கிரீட் கூரை, தனிக் கழிப்பறை, லிஃப்ட். குடிசையில் மழைக்கு ஒழுகிய கூரையை நினைத்தால் இது பெரிய விஷயம்தான், மறுக்க முடியாது. ஆனால் இட்லி வாங்கியவர்கள் எல்லாம் 25 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறார்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசமானதால் காசு மிச்சம். போகவர ஆகும் மூன்று மணி நேரத்துக்கு யார் கணக்குச் சொல்வது?

சரி, இருக்கிற இடத்திலேயே பிழைக்கலாம் என்றால், தள்ளுவண்டியை ஏழாவது மாடிக்கு ஏற்ற முடியாது. ராத்திரி கீழே விட்டால் காலையில் சக்கரம் இருக்குமா தெரியாது. ஒதுக்கீட்டு விதிப்படி வீடு குடியிருக்க மட்டும். தரைத்தள வீடு கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஜன்னல் கம்பியில் ஷாம்பு பாக்கெட் சரம் தொங்கும், உள்ளே கட்டில் மேல் பிஸ்கட் டப்பா, கம்பி இடுக்கு வழியாகவே சில்லறையும் சரக்கும் கைமாறும். கண்டிப்பான அதிகாரி வந்தால் அதுவும் விதிமீறல். முதல் சரக்கு பெரும்பாலும் தண்டல் பணத்தில் வாங்கியது. கையில் வருவது 8,500, நாளுக்கு நூறாக நூறு நாளில் கட்டுவது 10,000.

இத்தனைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். பட்டியல் சாதியினர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் இடம் உண்டு. 2020இல் வந்த ஸ்வநிதி திட்டம் முதல் கடனாக 10,000 ரூபாய் தந்தது. தண்டல்காரரை ஒதுக்க இதுவே போதும். ஆனால் வியாபாரி என்று அடையாள அட்டை கொடுப்பது பழைய தெருவில் கடை போட்டதை வைத்துத்தானே! அந்தத் தெருவை விட்டு மொத்தமாகக் கிளப்பியபின் அட்டையை வைத்து என்ன செய்வது?

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது இருந்த இடத்திலேயே மூன்று நான்கு மாடி கட்டிக் கொடுப்பதுதான் முக்கிய வேலையாக இருந்தது. 2021இல் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனாலும் ஜனங்கள் வாயில் இன்றும் ‘ஹவுசிங் போர்டு’தான். மெரினாவை ஒட்டிய நொச்சி நகர் இருந்த இடத்திலேயே கட்டியதுதான். படகு, மீன், வாடிக்கை எல்லாம் கூப்பிடு தூரம். 2023இல் அங்குள்ள லூப் சாலை மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் வரை விவகாரம் போனது; மீனவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். மறு வருடம் அங்கேயே 300க்கும் மேற்பட்ட கடைகளோடு மீன் அங்காடி திறந்தது. புதுக் கடை வசதியில்லை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அது இடத்தை விட்டுப் போகாதவர்கள் போடும் சண்டை, தொடரட்டும்.

பழுதான பழைய குடியிருப்புகளை இடித்து அதே மனையில் உயர்த்திக் கட்டும் வேலை இப்போது நகரெங்கும் நடக்கிறது. வரைபடத்தில் கார் நிறுத்த இடம் குறிக்கிறார்கள். அதோடு இவற்றையும் குறிக்கட்டும்: தள்ளுவண்டி பூட்டிவைக்க ஒரு கொட்டகை, தரைத்தளத்தில் பத்து பெட்டிக்கடை, அதில் முதல் உரிமை மாடியில் இருக்கும் விதவைக்கும் திருநங்கைக்கும் மாற்றுத்திறனாளிக்கும். செங்கல் எழும்புவதற்கு முன் இதைக் கேட்டால் செலவு சொற்பம். குடிவந்தபின் கேட்டால் ஆக்கிரமிப்பு என்பார்கள்.