ஏழு விநாடித் தாளம்

சுருதியைத் தாய் என்றும் லயத்தைத் தந்தை என்றும் கூறுதல் இசைவாணர் மரபு. தந்தையின் கைப்பிடியிலேயே பெரிதும் வளர்ந்த இசையொன்று மேலைநாட்டில் உண்டு; அதன் பெயர் 'ஜங்கிள்'. 1990களின் தொடக்கத்தில், இலண்டன் மாநகரின் இராக்கால நடனக் கூடங்களில், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியோரின் மக்களும் அவர்தம் அயலவரும் சேர்ந்து வளர்த்தது அது. சில ஆண்டுகளுக்குள் வேறு பெயரும் மெருகும் பெற்று அதன் முதல் வடிவம் பின்தள்ளப்பட்டது. அண்மைக் காலத்தில் அப் பழைய ஒலியையே நாடிப் புதிய இசைத்தட்டுக்கள் வெளிவருகின்றன.

இவ்விசையின் கருவாய் அமைந்தது ஏறத்தாழ ஏழு விநாடி ஒலிக்கும் ஒரு முழவுக்கோவை. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரைச் சார்ந்த 'வின்ஸ்டன்ஸ்' குழுவினர் 1969இல் வெளியிட்ட இசைத்தட்டொன்றின் மறுபக்கத்தில் 'ஆமென், பிரதர்' என்னும் வாத்திய இசை இடம்பெற்றது. அதன் நடுவே ஏனைய கருவிகள் ஓய, கிறெகரி கோல்மன் தனித்து நான்கு ஆவர்த்தம் வாசித்தார். முதலிரண்டும் ஒன்றுபோல்வன. மூன்றாவதில் ஓர் அடி சற்றே பிந்தி விழும். நான்காவதன் முதல் அடியோ விழவேயில்லை. அவ் வெறுமையைத் தாண்டியே தாளம் நகரும். எதிர்பார்த்த இடத்தில் அடி விழாமையே அதன் சுவை.

ஒலியைப் பதிந்து துண்டாடும் 'சாம்பிளர்' கருவிகள் 1980களில் விலை தாழ்ந்து இளைஞர் கைக்கு எட்டின. அவர்கள் அந் நான்கு ஆவர்த்தங்களையும் ஒவ்வோர் அடியாக அறுத்து, வரிசை மாற்றிக் கோத்து, நிமிடத்திற்கு 137 அடி அளவிலிருந்த நடையை 160க்கும் 170க்கும் ஏற்றினர். அடியில் ஒலிக்கும் மந்தர நாதமோ யமேக்கா நாட்டுப் பாணியில் அதன் பாதி வேகத்திலேயே நடந்தது. பாடகர் ஒரு காலத்தில் நிற்க, மிருதங்கம் அடுத்த காலத்திற்கு ஏறுவதைக் கேட்டவர்க்கு இது விளங்காத புதுமையன்று. நடனமாடுவோரும் இரண்டில் எந்தக் காலத்தையும் பற்றிக்கொள்ளலாம்.

இன்றைய மீட்சியில் இருவகையினர் உளர். பழைய துண்டுகளைப் பழைய வரிசையிலேயே அடுக்குவோர் ஒருசாரார். அவர்தம் இசை நினைவுப் பொருளேயன்றி வேறன்று. மற்றோர் அறுக்கும் முறையைக் கற்றுத் தாமே புதிதாக அறுப்போர். இலண்டனின் டிம் றீப்பர், அவுஸ்திரேலியாவின் குளோக் என்பாருடன் சேர்ந்து 2024இல் வெளியிட்ட 'இன் ஃபுல் எஃபெக்ட்' இவ் இரண்டாம் வகையினது. நியா ஆர்கைவ்ஸ் என்னும் இளம்பெண் அதே ஆண்டில் தந்த தொகுதியில் முழவின் விரைவுக்கு மேல் மெல்லிய பாட்டை இழையவிட்டார். இவை ஜங்கிளின் வளர்ச்சியே. வேறு முழவுகளையும் இத்தகைய இசை ஏற்கும் என்பதற்கு, இலண்டனிற் பிறந்த ஈழத்தமிழரான மாதங்கி அருள்பிரகாசம் 2007இல் வெளியிட்ட 'கலா'வில் ஒலிக்கும் தமிழகத்து உறுமி சான்றாகும்.

எனினும் இங்கே கருதத்தக்க வேற்றுமை ஒன்றுண்டு. பூவரசங்குளம் முதல் முல்லைத்தீவு வரை பரந்த வன்னி நிலத்தில், கூத்தின் மத்தள அடி சொற்கட்டாக அண்ணாவியாரின் வாயிலிருந்து மாணவனின் கைக்கு இறங்குவது. தாளத்தோடு ஆசிரியரின் பெயரும் சேர்ந்தே வரும்; இன்னாரிடம் பயின்றவன் என்பதே வாசிப்பவனுக்கு முதல் அறிமுகம். இயந்திரம் அடியை மட்டும் எடுத்தது, கையை விட்டுவிட்டது.

கோல்மனின் ஏழு விநாடி ஆயிரக்கணக்கான இசைத்தட்டுக்களில் ஒலித்துள்ளது. பதிப்புரிமை அவருக்கன்று, குழுத்தலைவர் றிச்சட் ஸ்பென்சருக்கே இருந்தது. அவரும் 1996இற்றான் செய்தியை அறிந்தார். வழக்காடுதற்குரிய காலம் அதற்குள் கடந்துவிட்டது. 2015இல் பிரித்தானிய இசையன்பர் சிலர் முயன்று திரட்டிய 24,000 பவுண் ஸ்பென்சருக்கு அளிக்கப்பட்டது. முழவை வாசித்த கோல்மன் அப்போது உயிருடன் இல்லை. 2006இல் அத்லாந்தா நகரில், வீடும் பொருளும் இன்றி அவர் இறந்திருந்தார்.