ஒரே மலை, இரண்டு ஆறுகள்
தேவிகுளம் பக்கம் ஒரு நாள் நடை

கொச்சியில் குழாயைத் திறந்தால் வருவது பெரியாற்றுத் தண்ணீர். உடுமலைப்பேட்டை, தாராபுரம், கரூர் வயல்களில் பாய்வது அமராவதித் தண்ணீர். முன்னது அரபிக் கடலுக்குப் போகிறது. பின்னது காவிரியில் கலந்து வங்கக் கடலுக்குப் போகிறது. இந்த இரண்டுக்கும் நீர் கொடுக்கும் மலை ஒன்று தேவிகுளம் தாலுகாவில் இருக்கிறது. கேரளத்தில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஒரு விடுமுறை நாளில் அந்த மலையை நடந்தே பார்த்து வரலாம்.

அதுதான் இரவிகுளம் தேசியப் பூங்கா. பரப்பு 97 சதுர கிலோ மீட்டர். ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார்கள் தங்கள் வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த காடு இது. முதுவர் குலத்தினர் காவல் காத்தனர். 1971ல் வந்த சட்டத்தின்படி அரசு இதனை ஏற்றது. 1975ல் சரணாலயமாகவும், 1978ல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. தென்னாட்டிலேயே உயரமான ஆனைமுடி (2,695 மீட்டர், அதாவது 8,842 அடி) இதனுள்தான் இருக்கிறது. சிகரத்தில் ஏறப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் அதன் அடிவாரத்தில் நடக்கத் தடையில்லை.

ராஜமலை நடை

மூணாறிலிருந்து மறையூர் செல்லும் சாலையில் அஞ்சாம் மைலில் இறங்க வேண்டும். அங்கிருந்து வனத்துறை பஸ் மேலே கொண்டு செல்லும். பிறகு நடைதான். தார் போட்ட பாதை என்பதால் குழந்தைகளும் பெரியவர்களும் சிரமமின்றி நடக்கலாம். ஒரு புறம் கரும்பாறை. மறு புறம் பள்ளத்தில் பச்சைப் பாய் விரித்தாற்போலத் தேயிலை. பாதையோரத்திலேயே வரையாடுகள் அச்சமின்றி மேயும். தமிழ்நாட்டின் மாநில விலங்கான இந்த ஆடுகள் மிக அதிகமாக வாழ்வது இங்கேதான். அவை குட்டி போடும் பருவத்தில், வழக்கமாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்கா மூடப்படும். விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

ராஜமலைச் சரிவில் இறங்கும் ஓடைகள் மூணாறு வழியாக முதிரப்புழையில் சேர்ந்து, பெரியாற்றை அடைகின்றன. அதே சாலையில் மறையூர் நோக்கிப் போனால் லக்கம் நீர்வீழ்ச்சி. இந்த நீர் இரவிகுளம் பீடபூமியிலிருந்து வந்து, பாம்பாற்றில் கலந்து அமராவதிக்குப் போகிறது. காலையில் ஓர் ஆற்றின் பிறப்பையும், மாலையில் மற்றோர் ஆற்றின் பிறப்பையும் பார்த்துவிடலாம்!

சோலை செய்யும் வேலை

இந்த மலையில் சரிவெல்லாம் புல். மடிப்புகளில் மட்டும் குட்டை மரங்கள் அடர்ந்த சோலை. பருவ மழையைப் புல்லும் இலைமக்கும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் சிறிது சிறிதாகக் கசிய விடுகின்றன. நம்முடைய 'சோலை' என்ற சொல்லையே உலக விஞ்ஞானிகளும் இத்தகைய காட்டுக்குப் பெயராக எடுத்துக்கொண்டனர்.

சோலைக்குள்ளேயே நடக்க விரும்புவோர், டாப் ஸ்டேஷன் தாண்டி வட்டவடை வழியிலுள்ள பாம்பாடும் சோலைக்குப் போகலாம். கேரளத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்கா இது, 1.32 சதுர கிலோ மீட்டர்தான். 2003ல் அறிவிக்கப்பட்டது. வழிகாட்டியுடன் மட்டுமே உள்ளே போகவேண்டும். அப்பால் வட்டவடையின் படிக்கட்டு வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. அங்கே காதில் விழுவது தமிழ்.

மலையும் மனிதரும்

அழகுக்குப் பின்னால் ஆபத்தும் உண்டு. 2018 மார்ச் 11ந் தேதி, எல்லைக்கு அப்பால் குரங்கணி மலையில் நடந்து சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோடையில் காய்ந்த புல்லுக்கு ஒரு பீடித் துண்டு போதும்.

மழைக்காலம் வேறு வகை. ராஜமலையைக் கடந்து செல்லும் சாலை பெட்டிமுடிக்குப் போகிறது. 2020 ஆகஸ்ட் 6ந் தேதி இரவு, பெருமழையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேரைப் பலி கொண்டது. பெரும்பாலோர் தமிழர்கள். கீழே தெரியும் தேயிலைச் சரிவுகளைப் படம் பிடிப்பவர்கள், அந்தச் செடிகளுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக உழைத்த கைகளையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

போகும் வழி

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழி. எர்ணாகுளத்திலிருந்து கோதமங்கலம், அடிமாலி வழி. தேனிப் பக்கமிருந்து போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம் வழி. கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு ஆகியவை கையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் பைகளைத் திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி, 2018ல் பூத்தபோது பெருவெள்ளம் வந்து சாலைகளை அறுத்தது. பார்க்க முடியாமல் போனவர் பலர். அடுத்த பூப்பு 2030ல். அதுவரை புல்லும் சோலையும் நிலைத்திருந்தால்தான் குறிஞ்சியும் இருக்கும். கொச்சிக் குழாயிலும் கரூர் வாய்க்காலிலும் தண்ணீரும் இருக்கும்.