தொலைதூரக் குறிபார்த்தலும் தொலைநோக்கித் தேர்வும்

துப்பாக்கியின் மீது பொருத்தப்படும் தொலைநோக்கி, குறியைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடி மட்டுமே என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது ஒரு கோணமானி. நில அளவையாளரின் தியோடலைட் எந்த விதிகளுக்கு உட்பட்டு இயங்குகிறதோ, அதே ஒளியியல் விதிகளுக்கு உட்பட்டே இதுவும் இயங்குகிறது. 1640ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தின் வில்லியம் காஸ்காயின் என்னும் வானநூலார், தொலைநோக்கியின் குவியத் தளத்தில் மெல்லிய இழையை அமைத்தால், தொலைவிலுள்ள உருவமும் இழையும் ஒருங்கே தெளிவாகத் தெரியும் என்று கண்டார். அளவைக் கருவிகளிலும் துப்பாக்கித் தொலைநோக்கிகளிலும் இன்று காணப்படும் குறுக்குக் கம்பிகளுக்கு அதுவே மூலம்.

1000 கஜம், அதாவது சுமார் 914 மீட்டர் தூரத்தில் குறிபார்த்துச் சுடும் போட்டிகள் இங்கிலாந்தின் பிஸ்லி, கனடாவின் ஆட்டவா முதலிய இடங்களில் நடைபெறுகின்றன. இவற்றுள் ‘எஃப்’ வகுப்பு எனப்படுவது, கனடா நாட்டவரான ஜார்ஜ் ஃபார்க்கர்சன் என்பவரின் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு வழங்குவது. முதுமையினால் பார்வை மங்கி, துளைக் குறிகாட்டியைப் பயன்படுத்த இயலாத வீரர்களும் சுடுகளத்தை விட்டு விலகாமல் தொடர வேண்டும் என்ற எண்ணமே இவ்வகுப்பு தோன்றக் காரணமாயிற்று. இதில் தொலைநோக்கி அனுமதிக்கப்படுகிறது. குறியின் நடுவட்டம் 10 அங்குலக் குறுக்களவும், அதனுள் அமைந்த சிறு வட்டம் 5 அங்குலக் குறுக்களவும் உடையவை. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த தொலைவில், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவே உள்ள வட்டம் அது. அதை எட்டுவதற்குத் தகுந்த தொலைநோக்கி எது என்பதே இங்கு ஆராயப்படுவது.

முதலில் அறிய வேண்டுவது

கருவியை வாங்குமுன் போட்டியின் விதிகளை அறிதல் வேண்டும். ஒலிம்பிக் பந்தயங்களில் 10 மீட்டர், 50 மீட்டர் ரைபிள் போட்டிகளில் துப்பாக்கியின் மீது தொலைநோக்கி பொருத்துவதற்கு இடமில்லை. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றது துளைக் குறிகாட்டியின் துணை கொண்டே. இப்போட்டிகளுக்குப் பயிலும் மாணவர் விலையுயர்ந்த தொலைநோக்கி வாங்குவது வீண் செலவாகும். ‘எஃப்’ வகுப்பிலும் எடைக்கு வரம்பு உண்டு. அதன் ஒரு பிரிவில் துப்பாக்கி, தொலைநோக்கி உட்பட, 8.25 கிலோகிராமுக்கும், மற்றொரு பிரிவில் 10 கிலோகிராமுக்கும் மேற்படலாகாது. ஆகவே கருவியின் எடையும் கணக்கில் கொள்ளத்தக்கதே.

உருப்பெருக்கமும் அதன் எல்லையும்

உருப்பெருக்கம் மிகுந்தால் பார்வை கூர்மையாகும் என்பது ஓர் எல்லை வரையிலேயே உண்மை. நல்ல கண் ஏறக்குறைய ஒரு கோண நிமிடம், அதாவது 60 கோண விநாடி இடைவெளியுள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறியும். 50 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள முன்வில்லை, ஒளியின் அலைத்தன்மை காரணமாகச் சுமார் 2.3 கோண விநாடிக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. 60ஐ 2.3ஆல் வகுத்தால் கிடைப்பது 26. எனவே அத்தகைய வில்லை காட்டக்கூடிய நுணுக்கம் முழுவதையும் கண்ணுக்கு எட்டச் செய்ய ஏறக்குறைய 26 மடங்கு உருப்பெருக்கம் போதும். அதற்கு மேல் சென்றால் பார்ப்பதற்குச் சற்று வசதி கூடலாம். புதிய நுணுக்கம் புலப்படாது.

1000 கஜ தூரத்தில் 2.3 கோண விநாடி என்பது சுமார் 1 சென்டிமீட்டர். ‘.308’ தோட்டா இடும் துளையோ 8 மில்லிமீட்டருக்கும் குறைவு. இத்தொலைவில் துப்பாக்கியின் மேலுள்ள தொலைநோக்கியைக் கொண்டு துளையைத் தெளிவாகக் காண முயல்வது ஏன் பயனற்றது என்பது இதனால் விளங்கும். குறிப்பலகையைக் கீழிறக்கி, துளையின் மீது வட்டத் தகடு செருகிக் காட்டும் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது.

காற்றும் இதற்குத் தடையாகிறது. வெயிலில் சூடேறிய நிலத்தின் மேல் எழும் கானல், உருவத்தை நீரினூடே காண்பது போல் அலைக்கழிக்கும். உருப்பெருக்கம் கூடக் கூட இந்த அலைவும் பெரிதாகத் தோன்றும். ஆதலின் நிலையான ஒரே உருப்பெருக்கமுள்ள கருவியைக் காட்டிலும், வேண்டும்போது குறைத்துக்கொள்ளத்தக்க கருவியே நம் நாட்டின் வெப்பத்திற்கு ஏற்றது. கானல் எப்போதும் பகையன்று. அது ஓடும் திசையையும் வேகத்தையும் கொண்டு குறுக்குக் காற்றை மதிப்பிடத் தேர்ந்தோர் பழகியுள்ளனர்.

ஒளியின் அளவு

முன்வில்லையின் குறுக்களவை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் குறுக்களவு கிடைக்கும். 50 மில்லிமீட்டர் வில்லை, 10 மடங்கில் 5 மில்லிமீட்டர் கற்றையையும், 25 மடங்கில் 2 மில்லிமீட்டர் கற்றையையும் தரும். பகல் வெளிச்சத்தில் கண்ணின் பாவை 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்குமாதலால், பகற்போட்டிக்கு 2 மில்லிமீட்டர் போதுமானது. எனினும் கற்றை குறுகும் அளவிற்குக் கண்ணைச் சரியான இடத்தில் வைப்பது கடினமாகும்.

பூச்சு இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன் மீது விழும் ஒளியில் சுமார் 4 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். இத்தகைய பரப்புகள் பத்து இருப்பின், மூன்றில் ஒரு பங்கு ஒளி வீணாகும். பூச்சினால் இழப்பைப் பரப்பு ஒன்றுக்கு அரைச் சதவிகிதமாகக் குறைத்தால், பத்துப் பரப்புகளைக் கடந்தும் 95 சதவிகிதம் எஞ்சும். ஆகவே எல்லாப் பரப்புகளும் பல அடுக்குப் பூச்சு பெற்றுள்ளனவா என்று விசாரிப்பது அவசியம். குழாய் தடிமனாக இருந்தால் வெளிச்சம் மிகும் என்பது தவறான கருத்து. தடித்த குழாயின் பயன் வேறு. அது பின்னர்க் கூறப்படும்.

இடமாறு தோற்றம்

தியோடலைட்டைக் கையாளும் களப்பணியாளர் இப்பிழையை நன்கறிவர். குறியின் உருவமும் குறுக்குக் கம்பிகளும் ஒரே தளத்தில் அமையாவிடில், கண் அசையும்போது கம்பி குறியின் மேல் நகர்வதாகத் தோன்றும். இதன் அளவை வடிவொத்த முக்கோணங்களின் மூலம் எளிதில் கணக்கிடலாம். 100 கஜத்திற்குச் சரிசெய்யப்பட்ட 50 மில்லிமீட்டர் கருவியால் 1000 கஜக் குறியை நோக்கினால், கண் ஒளிக்கற்றையின் ஓரத்திற்குச் செல்லும்போது பிழை 25 மில்லிமீட்டரின் 9 மடங்கு, அதாவது 22 சென்டிமீட்டருக்கும் மேல் ஆகும். நடுவட்டத்தின் ஆரமோ 13 சென்டிமீட்டருக்கும் குறைவு. கை நடுங்காத வீரரும் இப்பிழையால் வட்டத்தைத் தவறவிடக்கூடும். எனவே தூரத்திற்கேற்ப இதனைச் சரிசெய்யும் திருகு உள்ள கருவியையே கொள்ள வேண்டும்.

திருகுகளும் அவற்றின் நேர்மையும்

தோட்டா நேர்க்கோட்டில் செல்வதில்லை, புவியீர்ப்பால் தாழ்கிறது. ‘.308 வின்செஸ்டர்’ வகைத் தோட்டாவிற்கு, 100 கஜத்தில் சரிசெய்த நிலையிலிருந்து 1000 கஜத்திற்கு ஏறக்குறைய 38 கோண நிமிடம் உயர்த்த வேண்டியிருக்கும். அத்தூரத்தில் ஒரு கோண நிமிடம் 26.6 சென்டிமீட்டர். ஆகவே உயர்த்த வேண்டிய அளவு சுமார் 10 மீட்டர்.

மொத்தம் 60 கோண நிமிடம் நகரும் கருவியை நடுநிலையில் பொருத்தினால் மேல்நோக்கி 30 மட்டுமே கிடைக்கும், அது போதாது. 20 கோண நிமிடம் சாய்வான தாங்கியின் மேல் அதையே பொருத்தினால் 50 கிடைக்கும். தடித்த குழாயினுள் இந்நகர்வுக்கு அதிக இடம் உண்டு. அதன் உண்மையான பயன் இதுவே.

திருகின் ஒவ்வொரு ‘கிளிக்’கும் எவ்வளவு நகர்த்துகிறது என்பதும் முக்கியம். 1000 கஜத்தில் கால் கோண நிமிடம் 6.6 சென்டிமீட்டர், அரைக்கால் கோண நிமிடம் 3.3 சென்டிமீட்டர், 0.1 மில்லிரேடியன் 9.1 சென்டிமீட்டர். உள்வட்டம் 12.7 சென்டிமீட்டரே ஆதலால், குறிச்சுடுதலுக்கு நுண்ணிய அளவே மேலானது.

ஆனால் திருகில் பொறித்த எண்ணும் உண்மையான நகர்வும் ஒத்திருக்கின்றனவா? இதைச் சுடாமலே பரிசோதிக்கலாம். துப்பாக்கியினின்று கழற்றிய கருவியை உறுதியான பிடியில் நிறுத்தி, சரியாக 100 மீட்டர் தொலைவில் தூக்குநூலுக்கு இணையாக ஓர் அளவுகோலை நிறுத்த வேண்டும். திருகை 30 கோண நிமிடம் திருப்பினால் கம்பி 87.3 சென்டிமீட்டர் நகர வேண்டும். முப்பதுக்கு ஒன்று குறைந்தாலும், 38 கோண நிமிடம் திருப்பும்போது 1000 கஜத்தில் பிழை 34 சென்டிமீட்டர் ஆகிவிடும். திருப்பிய திருகை மீண்டும் பழைய நிலைக்குக் கொணர்ந்தால், கம்பியும் தொடங்கிய இடத்திற்கே திரும்ப வேண்டும்.

அதே தூக்குநூலைக் கொண்டு குறுக்குக் கம்பி செங்குத்தாக உள்ளதா என்றும் பார்க்கலாம். துப்பாக்கி 3 பாகை சாய்ந்திருந்தால், 10 மீட்டர் உயர்வில் பக்கவாட்டுப் பிழை அரை மீட்டரைத் தாண்டும்.

தேர்வின் வரிசை

விளம்பரங்கள் உருப்பெருக்கத்தையே முதலில் கூறும். அறிந்து வாங்குவோர் இவ்வரிசையை மாற்றிக்கொள்ளுதல் நலம். போட்டி விதியும் எடையும் முதலாவது, திருகுகளின் நேர்மையும் நகர்வின் அளவும் இரண்டாவது, இடமாறு தோற்றத்தைச் சரிசெய்யும் வசதி மூன்றாவது, கண்ணாடியின் தரமும் பூச்சும் நான்காவது, உருப்பெருக்கம் கடைசி. பணம் குறைவாயின் உருப்பெருக்கத்தைக் குறைக்கலாம். திருகின் தரத்தைக் குறைத்தலாகாது.

எச்சரிக்கை ஒன்று உண்டு. துப்பாக்கியின் மேலுள்ள தொலைநோக்கி எங்கு நோக்குகிறதோ, அங்கேயே குழலும் நோக்குகிறது. ஆகவே சுற்றுப்புறத்தைக் காணவோ, தொலைவில் நிற்பவர் யாரென்று அறியவோ அதனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அதற்குத் தனித் தொலைநோக்கி வேண்டும். எந்தத் தொலைநோக்கியாலும் சூரியனை நோக்குதல் பார்வையைக் கெடுக்கும்.

ஆசிரியர்கள் இவ்விதிகளைத் துப்பாக்கியின்றியே வகுப்பில் விளக்கலாம். இரு குவிவில்லைகளும் ஒரு தலைமயிரும் போதும். முன்வில்லையின் குவியத் தளத்தில் மயிரை நிறுத்தி, கண்ணை இருபுறமும் அசைத்துப் பார்க்கச் செய்தால், தொலைவிலுள்ள மரத்தோடு மயிர் ஒட்டி நிற்கும். மயிரை ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அது மரத்தின் மேல் ஊர்ந்து செல்வதை மாணவர் தாமே காண்பர். இடமாறு தோற்றத்தை அவர்கள் பின்னர் மறப்பதற்கில்லை.