கண்டென்சரும் கம்ப்ரஸரும் உறவினரே!

இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையுள்ள தொழிற்பகுதியில் சில ஆங்கிலச் சொற்கள் அன்றாடம் புழங்குகின்றன. துறைமுகத்தில் கண்டெய்னர், அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி சுமக்கும் கன்வேயர், நீராவியை மீண்டும் நீராக்கும் கண்டென்சர், பட்டறைகளில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர். வண்ணாரப்பேட்டையில் தமிழ்வழியில் படிக்கும் மாணவர் இவற்றைத் தெருவிலேயே கேட்டிருப்பார். ஆயினும் வாய்மொழித் தேர்வில் அதே சொற்களைச் சொல்ல நாக்குத் தயங்குகிறது. பாடம் தெரிந்தும் வாய் மூடி நிற்பவர் உண்டு. இந்த அச்சம் தேவையில்லை. இச்சொற்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

இவை யாவும் 'ஒன்றாக', 'முழுவதுமாக' என்று பொருள்படும் ஒரே இலத்தீன் முன்னொட்டைக் கொண்டவை. கண்டென்சர் என்றால் செறியச் செய்வது. கண்டெய்னர், சேர்த்துப் பிடித்து வைப்பது. கம்ப்ரஸர், சேர்த்து அழுத்துவது. கடற்காற்று இரும்பை அரிக்கும் கரோஷன் என்பதற்கு 'முழுவதும் கொறித்தல்' என்பது மூலப்பொருள்.

ஒரே முன்னொட்டு ஏன் வடிவம் மாறுகிறது? தமிழில் காலம் + தோறும் 'காலந்தோறும்' ஆகிறது. மரம் + கள் 'மரங்கள்' ஆகிறது. அடுத்து வரும் ஒலிக்கேற்ப வாய் தயாராவதே காரணம். இலத்தீனிலும் அப்படியே. பகரத்தின் முன் 'கம்'. டகரத்தின் முன் 'கன்'. லகரத்தின் முன் 'கல்'. ரகரத்தின் முன் 'கர்'.

இனி உச்சரிப்பு. ஓர் உயிரொலியைச் சுற்றி ஒரே மூச்சில் ஒலிப்பதை இங்கே அசை என்போம். இது யாப்பிலக்கண அசையன்று. கன்-டென்-சர், கம்-ப்ரஸ்-ஸர், கன்-வே-யர் ஆகியவை மூவசைச் சொற்கள். ஆங்கிலத்தில் ஏதேனும் ஓரசை ஓங்கி ஒலிக்கும். இம்மூன்றிலும் ஓங்குவது இரண்டாம் அசை. முன்னொட்டு தளர்ந்து, 'கான்' என்று நீளாமல் குறுகிவிடும்.

சொல்லின் இறுதி 'ஷன்' ஆனால் அதற்கு முந்திய அசையே ஓங்கும். எனவே கண்டென்சரில் 'டென்' மீதிருந்த அழுத்தம், கண்டென்சேஷனில் 'சே' மீது நகர்கிறது.

தமிழர் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நம் எழுத்து. 'பேட்டை' என்பதில் உள்ள டகரமும் 'வண்டி' என்பதில் உள்ள டகரமும் ஒலியில் வேறு. கண்டெய்னர், கண்டென்சர் இரண்டையும் தமிழில் ஒன்றுபோல் எழுதுகிறோம். ஆனால் முன்னதில் பேட்டையின் ஒலி. பின்னதில் வண்டியின் ஒலி. அவ்வாறே கம்ப்ரஸரில் வருவது 'பல்' என்பதன் பகரம், 'பாம்பு' என்பதன் இரண்டாம் பகரமன்று.

இரண்டாவது, இரட்டித்தல். தமிழில் கனி வேறு, கன்னி வேறு. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் இரட்டை எழுத்து வந்தாலும் பெரும்பாலும் ஒலி ஒன்றே. கலெக்டரில் 'எல்' இருமுறை எழுதப்படினும் 'கல்-லெக்டர்' எனச் சொல்வதில்லை.

பேருந்தில் ஏறினால் கண்டக்டர். மின்சாரப் பாடத்திலும் கண்டக்டர். இச்சொல்லில் எத்தனை அசை, எது ஓங்குகிறது? வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.