கிணறு அலங்கரிப்பு (டார்பிஷயர்)

கிணறு அலங்கரிப்பு என்பது இங்கிலாந்தின் டார்பிஷயர் கவுண்டியிலுள்ள சிற்றூர்களில் ஆண்டுதோறும் நடைபெறும் ஒரு நாட்டார் வழக்கம் ஆகும். ஊருக்கு நீர் தரும் இடங்களில், களிமண்ணில் பூவிதழ்களைப் பதித்து உருவாக்கிய பெரிய படங்களை நிறுத்தி, நீருக்காக இறைவனுக்கு நன்றி செலுத்துவர். அண்டையிலுள்ள ஸ்டாஃபோர்ட்ஷயரின் சில ஊர்களிலும் இவ்வழக்கம் உண்டு. பெயரில் கிணறு என்று இருப்பினும், அலங்கரிக்கப்படுபவற்றுள் பல இயற்கை ஊற்றுகளும் பொதுக்குழாய்களும் ஆகும்.

பின்புலம்

இவ்வழக்கம் பெரிதும் காணப்படும் பீக் மாவட்டத்தின் தென்பகுதி சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம் ஆகும். மழை நீர் பாறை வெடிப்புகளின் வழியே நிலத்தடிக்குச் சென்றுவிடுவதால், மேற்பரப்பில் நீர் குறைவாகவே கிடைக்கும். எனவே வற்றாத ஊற்று ஒன்று ஓர் ஊரின் இருப்பையே தீர்மானிப்பதாக இருந்தது.

தோற்றம்

கிறித்தவத்துக்கு முற்பட்ட நீர் வழிபாட்டின் எச்சமே இவ்வழக்கம் எனப் பலர் கருதினும், இதற்கு நேரடிச் சான்று இல்லை. மிகவும் புகழ்பெற்றது டிசிங்டன் என்னும் ஊரின் அலங்கரிப்பு ஆகும். இதன் தொடக்கம் குறித்து இரு மரபுக் கதைகள் வழங்குகின்றன. 1348-49இல் பரவிய கொள்ளைநோயில் இவ்வூர் மக்கள் தூய நீரினால் உயிர் பிழைத்தனர் என்பது ஒன்று. 1615ஆம் ஆண்டின் கடும் வறட்சியிலும் இவ்வூர் ஊற்றுகள் வற்றவில்லை என்பது மற்றொன்று. கொள்ளைநோய் தெள்ளுப்பூச்சிகளால் பரவுவது, நீரினால் பரவுவதன்று. ஆகவே முதற்கதையை மருத்துவ விளக்கமாகக் கொள்ள இயலாது. எனினும் நல்ல நீரை உயிர் காத்த கொடையாக மக்கள் போற்றியதை அது காட்டுகிறது.

தொடக்கத்தில் மலர் மாலைகளே சூட்டப்பட்டன. பலகையில் களிமண் பூசிப் படம் அமைக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்ததற்குச் சான்று உண்டு. குழாய் நீர் வந்த பின்னரும் இவ்வழக்கம் மறையவில்லை. யூல்கிரேவ் என்னும் ஊருக்கு 1829இல் குழாய் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்னர் பள்ளத்தாக்கிலுள்ள ஆற்றிலிருந்து மேட்டுக்கு நீர் சுமக்க வேண்டியிருந்தது. அச்சுமை நீங்கியதன் நினைவாக இவ்வூரார் தம் பொதுக்குழாய்களை அலங்கரிக்கின்றனர்.

செய்முறை

மரச்சட்டங்கள் முதலில் குளத்திலோ ஆற்றிலோ சில நாட்கள் ஊறவைக்கப்படுகின்றன. உலர்ந்த மரம் களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதே இதற்குக் காரணம். பின்னர் உப்பும் நீரும் சேர்த்துக் காலால் மிதித்துக் குழைத்த களிமண் பலகையில் பூசப்படுகிறது. மண் நழுவாதிருக்கப் பலகையில் ஆணிகள் அடிக்கப்பட்டிருக்கும். தாளில் வரைந்த படத்தை மண்மீது விரித்து, கோடுகளின் வழியே குத்தி அடையாளமிடுவர்.

கோடுகள் ஆல்டர் மரத்தின் சிறு கூம்புகள், காப்பிக் கொட்டைகள், மிளகு போன்றவற்றால் அமைக்கப்படுகின்றன. பாசி, கற்பாசி, மரப்பட்டை, விதைகள் ஆகியவை இடைவெளிகளை நிரப்புகின்றன. விரைவில் வாடும் பூவிதழ்கள் இறுதியிலேயே பதிக்கப்படும். கூரை ஓடுகளைப் போன்று, கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று சிறிது படியுமாறு அவை வைக்கப்படுவதால் மழைநீர் வடிந்துவிடுகிறது. இயற்கைப் பொருட்களை மட்டுமே பயன்படுத்துவது பொதுவான மரபு ஆகும்.

வழிபாடு

டிசிங்டனில் மரபுப்படி இயேசுவின் விண்ணேற்றத் திருநாளன்று, அதாவது உயிர்ப்பு ஞாயிறு கழிந்து 39ஆம் நாளில், இவ்விழா தொடங்கும். புனித மரியாள் ஆலயத்தில் வழிபாடு முடிந்ததும், குருவானவரும் மக்களும் ஊர்வலமாகச் சென்று ஒவ்வொரு ஊற்றையும் ஆசீர்வதிப்பர். படங்களில் விவிலியக் காட்சிகளே மிகுதி. நாட்டு வரலாற்று நிகழ்வுகளும் இடம்பெறுகின்றன.

ஈம் என்னும் ஊரில் இவ்வழக்கம் ஆகத்து இறுதியில் நடைபெறுகிறது. 1665-66இல் கொள்ளைநோய் தாக்கியபோது, நோய் வெளியே பரவாதிருக்க இவ்வூரார், குருவானவர் வில்லியம் மாம்பெசனின் வழிகாட்டலில், ஊர் எல்லையைத் தாமே மூடிக்கொண்டனர். வெளியூரார் உணவை எல்லையில் வைத்துச் செல்ல, அதற்குரிய காசை ஊற்று நீரிலோ காடியிலோ இட்டுவைத்தனர். ஆகத்து மாதத்தின் கடைசி ஞாயிறன்று இறந்தோர் நினைவு வழிபாடு நடைபெறுகிறது.

ஊர் வாழ்வு

மே முதல் செப்டம்பர் வரை வெவ்வேறு ஊர்கள் வெவ்வேறு நாட்களில் இவ்விழாவை நடத்துவதால், குடும்பங்கள் வார இறுதிகளில் ஊர் ஊராகச் சென்று காண்கின்றன. பித்தளை வாத்திய இசை, வீட்டுத் தோட்டங்களைத் திறந்துவைத்தல், தேநீர் விற்பனை ஆகியன உடன் நிகழ்வதுண்டு. படங்களின் அருகில் வைக்கப்படும் உண்டியல் பணம் அறப்பணிகளுக்குச் செல்கிறது. 1971இல் திறக்கப்பட்ட டிசிங்டன் நடைபாதை, கைவிடப்பட்ட தொடருந்துப் பாதையில் அமைந்ததாகும். நடந்தும் மிதிவண்டியிலும் வருவோர் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

பல நாள் உழைப்பில் உருவாகும் படம் ஏறத்தாழ ஒரு வாரமே நிலைக்கும். பின்னர் களிமண் வெடித்து, இதழ்கள் வாடிவிடும். ஆகவே செய்முறை ஏட்டினால் அன்றி, ஆண்டுதோறும் முதியோருடன் இளையோர் அமர்ந்து இதழ் பதிப்பதனாலேயே கைமாறி வருகிறது. கோவிட்-19 பெருந்தொற்றினால் 2020இல் பெரும்பாலான ஊர்களில் இவ்விழா நடைபெறவில்லை. ஊதியமின்றி உழைக்கும் கைகள் குறையும் ஊரில் இவ்வழக்கமும் நின்றுவிடும் என்பது குறிப்பிடத்தக்கது.