டயாலிசிஸ் மையத்தின் தரத்தை அளப்பது எவ்வாறு?

நம் நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 2.2 இலட்சம் பேர் புதிதாக இறுதிநிலைச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாகின்றனர் என்றும், இதனால் 3.4 கோடி டயாலிசிஸ் அமர்வுகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன என்றும் 2016-17ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்ட உரையில் கூறப்பட்டது. ஓர் அமர்வுக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய் செலவாகிறது; ஆண்டொன்றுக்கு இது 3 இலட்சம் ரூபாயைத் தாண்டுகிறது என்றும் அவ்வுரை சுட்டிக்காட்டியது. இதனையொட்டித் தொடங்கப்பெற்ற தேசிய டயாலிசிஸ் திட்டத்தின்கீழ், மாவட்ட மருத்துவமனைகளில் அரசும் தனியாரும் இணைந்து மையங்களை நடத்த வழிவகுக்கப்பட்டது. இடமும் மின்சாரமும் நீரும் அரசின் பொறுப்பு. இயந்திரங்களும் பணியாளரும் நுகர்பொருள்களும் தனியார் பங்காளியின் பொறுப்பு.

இத்தகைய மையங்களைப் பற்றிய அறிக்கைகளில் இரண்டு எண்கள் தவறாமல் இடம்பெறும். ஒன்று, நிறுவப்பட்ட இயந்திரங்களின் தொகை. மற்றது, நடந்து முடிந்த அமர்வுகளின் தொகை. இவை வேலையின் அளவைக் காட்டுவனவேயன்றித் தரத்தைக் காட்டுவன அல்ல. ஓர் அமர்வில் நோயாளியின் இரத்தம் உண்மையிலேயே தூய்மையடைந்ததா என்பதை அமர்வுகளின் கூட்டுத்தொகையிலிருந்து அறிய இயலாது. அமர்வுக்கு இவ்வளவு என்று பணம் வழங்கப்படும்போது அமர்வைக் குறுக்குவதில் ஆதாயமும் உண்டு என்பதை அலுவலர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

மருத்துவப் பணியின் தரத்தை மதிப்பிடுவது பற்றி அவெடிஸ் டோனபீடியன் என்னும் அறிஞர் 1966ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இத்துறையில் வழிகாட்டியாகக் கருதப்படுகிறது. அமைப்பு, செயல்முறை, விளைவு என்னும் மூன்று கோணங்களில் தரத்தை நோக்க வேண்டும் என்றார் அவர். அமைப்பைப் பார்ப்பது எளிது. படுக்கைகளையும் சான்றிதழ்களையும் எண்ணிவிடலாம். ஏனைய இரண்டிலுமே சிக்கல் உள்ளது.

சுத்திகரிப்பின் அளவு

அமர்வுக்கு முன்னும் பின்னும் இரத்தத்திலுள்ள யூரியாவை அளந்து, எத்தனை விழுக்காடு குறைந்தது என்று கணிப்பது வழக்கம். முன்பு 150 மில்லிகிராமாக இருந்தது பின்பு 60 ஆனால், குறைவு 60 விழுக்காடு. வாரம் மூன்று அமர்வுகள் பெறுவோருக்கு இது குறைந்தது 65 விழுக்காடு இருத்தல் வேண்டும். ஆகவே மேற்கூறிய அமர்வு போதுமானதன்று.

ஆனால், இந்த எண்ணும் ஏமாற்றக்கூடியதே. அமர்வு முடிந்ததும் இரத்தம் எடுப்பதற்கு முன் இயந்திரத்தின் ஓட்டத்தைச் சற்று நேரம் குறைக்க வேண்டும். அவ்வாறு செய்யாவிடில், அப்போதுதான் தூய்மையாகித் திரும்பிய இரத்தம் மாதிரியில் கலந்து, யூரியா உள்ளதைவிடக் குறைவாகத் தெரியலாம். எனவே, விழுக்காட்டைக் கேட்கும் அலுவலர், மாதிரி எடுக்கப்பட்ட முறையையும் கேட்டறிய வேண்டும். மற்றொன்று இதனினும் முக்கியமானது. நம் நாட்டில் பலர் வாரத்திற்கு இரண்டு அமர்வுகளே பெறுகின்றனர். அத்தகையோரிடம், சிறுநீரகத்தில் ஓரளவேனும் செயல்திறன் எஞ்சியிருந்தாலன்றி, ஒவ்வோர் அமர்விலும் 65 விழுக்காட்டை எட்டியதால் மட்டும் சிகிச்சை போதுமானது எனக் கருதுவது தவறாகும்.

கால அளவும் அவ்வாறே. ஓர் அமர்வு வழக்கமாக நான்கு மணி நேரம். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவரிடமிருந்து மூன்று லிட்டர் நீரை நான்கு மணி நேரத்தில் வெளியேற்றினால், கிலோவுக்கு மணிக்கு 15 மில்லிலிட்டர் ஆகிறது. 13ஐ மிஞ்சாதிருப்பது நலம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அதே நீரை மூன்று மணி நேரத்தில் எடுத்தால் வேகம் 20 ஆகிவிடும். இரத்த அழுத்தம் சரிவதும் இதயம் நலிவதும் இதனால் நேர்கின்றன. பதிவேட்டில் நான்கு மணி என்றே எழுதப்பட்டிருக்கும். இயந்திரம் தானே குறித்துவைக்கும் நேரத்தோடு அதனை ஒப்பிட்டால் உண்மை விளங்கும்.

நீரின் தூய்மை

ஆய்வுக்குச் செல்வோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் இடம் நீர்ச் சுத்திகரிப்பு அறை. டயாலிசிஸ் கரைசல் நிமிடத்திற்கு 500 மில்லிலிட்டர் வீதம் ஓடினால் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் ஆகிறது. வாரம் மூன்று முறை என்றால் 360 லிட்டர். நாம் குடிக்கும் நீர் குடலைக் கடந்தே இரத்தத்தில் சேர்கிறது. நோயாளியின் இரத்தத்திற்கும் இந்நீருக்கும் இடையிலோ ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே உள்ளது.

பிரேசில் நாட்டின் கருவாரு நகரில் 1996ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதற்குச் சான்று. போதிய சுத்திகரிப்பின்றி லாரிகளில் கொண்டுவரப்பட்ட நீர்த்தேக்க நீரில் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கலந்திருந்தது. அதனைப் பயன்படுத்திய டயாலிசிஸ் மையத்தில் கல்லீரல் பாதிக்கப்பட்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் மாண்டனர்.

குடிநீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கப்படும் குளோரினும் குளோரமினும் இங்கே ஆபத்தானவை. அவை சிவப்பணுக்களைச் சிதைக்கும். கரி வடிகட்டியைத் தாண்டிய நீரில் மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மிகாமல் உள்ளதா என்று ஒவ்வொரு முறைப் பணிக்கு முன்பும் சோதிக்க வேண்டும். பாக்டீரியாவின் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 100க்குக் குறைவாக இருக்க வேண்டும். இதற்கான மாதிரியைக் குழாய்களைக் கிருமிநீக்கம் செய்வதற்கு முன்பே எடுத்தல் அவசியம். கழுவி முடித்த மறுநாள் எடுக்கும் மாதிரி எப்போதும் நல்ல முடிவையே தரும்!

தொற்றைப் பொறுத்தவரை, மையத்தில் சேர்ந்தபோது இல்லாத ஹெபடைடிஸ் பி அல்லது சி பின்னர் எத்தனை பேரிடம் தோன்றியது என்பதே கேட்கத்தக்க வினா. மீண்டும் பயன்படுத்தப்படும் டயலைசரின் கொள்ளளவு, புதிதாக இருந்தபோது இருந்ததில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் அது அகற்றப்படுகிறதா என்பதையும் பார்க்கலாம். மூன்று மாதத்திற்கு மேலாகியும் கையில் ஃபிஸ்டுலா அமைக்கப்பெறாமல், கழுத்துக் குழாய் வழியே சிகிச்சை பெறுவோர் எத்தனை பேர் என்பது மற்றொரு நல்ல அளவுகோல். கழுத்துக் குழாயால் இரத்தத்தில் கிருமித் தொற்று ஏற்படும் வாய்ப்பு மிகுதி.

யாரைக் கணக்கில் சேர்ப்பது?

விளைவை அளப்பதில்தான் பெரும்பிழை நிகழ்கிறது. ஒரு மையத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் நாற்பது பேர் சேர்ந்தனர் எனக் கொள்வோம். ஆண்டு முடிவில் இருபத்திரண்டு பேர் வருகின்றனர். அவர்களுடைய சராசரி ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது. இரத்த அழுத்தமும் கட்டுக்குள் உள்ளது. அறிக்கை மனநிறைவளிக்கிறது. வராத பதினெட்டுப் பேர் எங்கே? சிலர் இறந்திருக்கலாம், ஓரிருவர் மாற்றுச் சிறுநீரகம் பெற்றிருக்கலாம், சிலர் வேறு மையத்திற்குச் சென்றிருக்கலாம். எஞ்சியோர் சிகிச்சையை நிறுத்திவிட்டவர்கள். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவருக்கு இது சில நாள்களில், அல்லது சில வாரங்களில், மரணம் என்றே பொருள்படும். ஆனால் அந்த மரணம் வீட்டில் நிகழ்வதால் மையத்தின் ஏட்டில் ஏறுவதில்லை. நலிந்தவர்கள் விலகிவிட, தாங்கியவர்களின் சராசரி உயர்கிறது. மையம் மோசமாக இயங்க இயங்க அதன் சராசரி மேம்படுவதாகத் தோன்றும் விந்தையும் நேரலாம்.

இறப்பு வீதத்தை மட்டும் கொண்டு இரு மையங்களை ஒப்பிடுவதும் பொருந்தாது. முதியோரும் நீரிழிவு நோயாளிகளும் மிகுந்த மையத்தில் இறப்பு இயல்பாகவே கூடும். முப்பது பேர் உள்ள மையத்தில் ஓராண்டு மூவரும் மறு ஆண்டு ஐவரும் இறந்தால், அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம்.

எனவே ஒப்பந்தத்திலேயே ஒரு விதியைச் சேர்க்கலாம். ஒரு நோயாளி தொடர்ந்து இரண்டு அமர்வுகளுக்கு வராவிடில் மையம் அவரைத் தொடர்புகொண்டு காரணத்தைப் பதிய வேண்டும். தொடர்பு கிட்டாதபோது ஆஷா பணியாளர் வழியே விசாரிக்க வேண்டும். சிகிச்சை இலவசமாயினும் வாரம் மூன்று நாள் பேருந்துக் கட்டணமும், உடன் வருபவர் இழக்கும் கூலியும் இலவசமாவதில்லை. காரணங்களைப் பதிந்தால், இயந்திரம் கூடுதலாகத் தேவையா, பயணப்படி தேவையா, அல்லது வட்ட அளவில் இன்னொரு மையம் தேவையா என்பதை மாவட்ட நிருவாகம் அந்தப் பதிவேட்டைக் கொண்டே முடிவு செய்யலாம். வீட்டிலிருந்தபடியே செய்துகொள்ளத்தக்க வயிற்று உறை வழி டயாலிசிசுக்கும் 2019இல் வழிகாட்டு நெறிகள் வெளியிடப்பட்டுள்ளன. தொலைவின் காரணமாக நின்றுபோனவர்கள் பட்டியலே அதற்குரிய பயனாளிகளின் முதற் பட்டியலாக அமையக்கூடும்.